முதல் தரமான லைஃப் ஜாக்கெட்

விசாரணை அறையில் மூன்று மணி நேரமும் அட்மிரல் அசையவே இல்லை. கடற்படைக்கு அவர் வாங்கிய ஐயாயிரம் லைஃப் ஜாக்கெட்டுகளும் முதல் தரம். அவற்றை விற்றவன் அவருடைய மனைவியின் தம்பி என்பது வெறும் தற்செயல். முப்பது வருட சேவையில் யாரிடமும் கை நீட்டியதில்லை என்று சொன்னபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"ஆதாரம் எதுவும் சிக்கல. நீங்க கிளம்பலாம் சார்," என்றார் அதிகாரி.

அக்கரையில் இருந்த வீட்டுக்குப் போகக் கடற்படைப் படகுத்துறைக்கு வந்தார். அங்கே மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"தப்பிச்சோமா அத்தான்?"

"தப்பு செஞ்சவன்தான்டா தப்பிக்கணும்!"

கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. படகோட்டி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். அதில் தன் கம்பெனி முத்திரையைப் பார்த்ததும் மச்சான் இரண்டடி பின்னால் போனான்.

"அத்தான், எனக்குத் திடீர்னு வயித்த வலிக்குது."

"வேற ஜாக்கெட் இல்லையாப்பா?" என்றார் அட்மிரல்.

"எல்லாமே நீங்க வாங்கிக் குடுத்ததுதான் சார். முதல் தரம்."

"யோவ், இதைப் போட்டுக்கிட்டு விழுந்தா நேரா அடியில போய் உக்கார வேண்டியதுதான். உள்ள பூரா மரத்தூளு! நான் புள்ளகுட்டிக்காரன்யா!" என்று கத்தினார் அட்மிரல்.

படகோட்டி நிதானமாகச் சட்டைப்பையிலிருந்து விசாரணைக் குழுவின் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

"அந்தப் பக்கம் ஜீப் நிக்குது, வாங்க சார். அதுல போறதுக்கு லைஃப் ஜாக்கெட் தேவையில்ல."