கரைந்த கோலம்

அமெரிக்காவின் பேர்லேண்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஹம்சாவுக்கு அன்று வேலையே ஓடவில்லை. ஜன்னல் திரையை இறக்கிவிட்டு, நாற்காலியில் சப்பணமிட்டு, காதில் ஹெட்போனோடு, சொந்த ஊரான முடிச்சூரின் வெள்ளத்தை லேப்டாப்பில் டிவி செய்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் அம்மா தனியாக இருக்கிறாள்.

அம்மாவே போனில் கூப்பிட்டாள்.

“ஹம்சா, தண்ணி வாசலுக்கு வந்துடுத்துடி! கோலமெல்லாம் கரைஞ்சு போச்சு.”

“கோலம் கிடக்கட்டும்மா. பேனிக் பண்ணாம மாடிக்குப் போ.”

“செருப்பு ஸ்டாண்டு மிதக்கறது. கறிவேப்பிலைத் தொட்டி சாஞ்சுடுத்து. ஐயோ, கதவிடுக்கு வழியா உள்ள போறதுடி!”

“மாடிக்குப் போன்னு சொல்றேன்ல!” என்று கத்தினாள் ஹம்சா. “இன்னும் என்ன வேடிக்கை பாத்துண்டிருக்கே?”

அம்மா இடைமறித்தாள்.

“இங்க தண்ணி எப்பவோ வடிஞ்சாச்சுடி. டிவிக்காரன் பழசையே திருப்பித் திருப்பிக் காட்டறான். நான் சொல்றது உன் வாசலை! தினமும் உன் கோலத்தைப் பாக்கறதுக்குன்னு காலிங்பெல் கேமராவை என் போன்ல போட்டுக் குடுத்தியே, அதுலதான் பாத்துண்டிருக்கேன்.”

ஹம்சா ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே மழை பேரிரைச்சலாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மடித்திருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

தரையைத் தொடும் முன்பே தண்ணீர் தட்டுப்பட்டது.