விபூதி மகிமை

"இந்த வயசுல யாரை மயக்கப் போறே?"

மனைவி சாவித்ரிக்குக் கூரியரில் வந்த சீரம் பாட்டிலைப் பார்த்ததும் சுந்தரராமன் குதித்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லை, விலை இரண்டாயிரத்து நானூறு!

"பெப்டைடு சீரம்னு பேரு. முகத்துல கோடெல்லாம் மங்கிடுமாம்."

"கோடு விழற வயசுல விழத்தான் செய்யும். நம்ம சிஞ்ச்வட் ஹவுசிங் சொசைட்டியில அழகிப் போட்டியா நடக்கறது?"

இதைச் சொல்லும்போது அவர் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் செங்குத்தாக நின்றன. போசரித் தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் முப்பது வருஷமாகப் பற்சக்கரங்களில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தும் ஓவர்டைம் பார்ப்பார்.

அந்த முகத்துக்குத்தான் போன வாரம் ஆபீசில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். 'உங்களைப் பார்த்தாலே இளம் இன்ஜினீயர்கள் சந்தேகம் கேட்கப் பயப்படுகிறார்கள். இப்படியே போனால் ஐம்பத்தெட்டுக்கு மேல் பணி நீட்டிப்பு கிடையாது.'

மகன் கௌஷிக்கின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். மனுஷர் ஆடிப்போய்விட்டார். ஆனால் வீட்டில் மூச்சு விடவில்லை. பரமேஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று, காலையில் விபூதியைக் குழைத்துப் புருவ நடு வரைக்கும் இன்னும் பட்டையாகப் பூச ஆரம்பித்தார்.

மூன்று மாதம் ஓடியது. மாதத்துக்கு ஒன்றாகச் சீரமும் மூன்று பாட்டில் தீர்ந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேடா டப்பாவோடு வந்தார்.

"ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன்! எச்.ஆர். பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? 'ஸார் மூஞ்சியில இப்போ ஒரு சாந்தம்'னு! பசங்க தானா வந்து சந்தேகம் கேக்கறா. எல்லாம் விபூதி மகிமைடி!"

கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைத் தடவிக்கொண்டார். நிஜமாகவே கோடுகள் பாதி மங்கியிருந்தன. உடனே பழைய குணம் எட்டிப் பார்த்தது.

"நீயும் இருக்கியே! மூணு பாட்டில் காலி. மூஞ்சியில ஒரு கோடாவது அசைஞ்சுதா? ஏமாந்த சோணகிரி!"

சாவித்ரி வாயிலிருந்த பேடாவை நிதானமாக விழுங்கினாள்.

"நான் ஒரு சொட்டுகூட என் மூஞ்சியில போட்டுக்கலையே."

"பின்னே?"

"விபூதி குழைக்க உங்களுக்குக் கிண்ணத்துல தண்ணி வெக்கறது யாரு?"

நெற்றிக்குப் போன கை அங்கேயே நின்றது.

"அடிப்பாவி! சிவன் சொத்துலயா கலந்தே? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லப்படாதோ?"

"துவைக்கப் போட்ட சட்டைப் பையில இருந்த நோட்டீஸை நீங்க எங்கிட்ட மறைச்சேள். மருந்தை நான் உங்ககிட்ட மறைச்சேன்."