கேட்டைக் கடந்தபோது

காலமெல்லாம் ரயில்வே கேட்டில் பச்சைக் கொடி பிடித்து நின்ற கொம்பையா, ஓய்வு பெற்றபின் அதே கேட்டை ரயிலுக்குள் இருந்தபடி கடந்தார். ஜன்னல் வழியே கையை ஆட்டினார். கொடியோடு நின்ற புது ஆள் நிமிரவேயில்லை. எங்கேனும் புகைகிறதா, ஏதேனும் தொங்குகிறதா என்று அவன் கண் சக்கரங்கள் மேலேயே ஓடியது. அதுதான் வேலை. கொம்பையாவும் ஒருநாள்கூட ஜன்னல்களைப் பார்த்ததில்லை.

"எங்கம்மா வீட்டுக்குப் போறப்பல்லாம் நானும் இங்கதான் கை காட்டுவேன்" என்றாள் எதிரில் இருந்த மனைவி பொன்னுத்தாய். "பாத்தேன்னு சொல்லுவீங்களே."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தத் தம்பி உங்களப் பாத்துச்சா?"

"பாத்தான்."

"நீங்க என்னையப் பாத்த மாதிரியா?" என்றாள் பொன்னுத்தாய், சிரித்துக்கொண்டே.