காலி நாற்காலிகளின் கைதட்டல்

கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

ஒரு மேல்நிலைப் பள்ளி அரங்கில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தன. பிள்ளைகள் பரீட்சை லீவுக்குப் போன ஒரு மத்தியானம், ரெண்டும் தாமாகவே மேடையில் வாசித்துப் பார்த்தன. பாட்டு பாதிகூடப் போகவில்லை, காலி நாற்காலிகளிலிருந்து படபடவென்று கைதட்டல்.

மிருதங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்மோனியம்தான் அதைக் கவனித்தது. கைதட்டல் கேட்ட மறுநொடியே மிருதங்கத்தின் இடது பக்கம் ஊமையாகியிருந்தது.

“நிறுத்துடா தம்பி! நடுப்பாட்டுல தட்டித் தட்டி உன் சத்தத்தை எடுத்துக்கிறாங்க” என்றது ஆர்மோனியம்.

“உனக்கு யாரும் தட்டலைன்னு வயிறெரியுதாக்கா?” என்று மிருதங்கம் வலது பக்கத்தை இன்னும் வேகமாக உருட்டியது. மறுபடி கைதட்டல். அந்தப் பக்கமும் கம்மிப்போனது.

“அக்கா, நான் நிறுத்திட்டேன். அவங்க நிறுத்தலையே” என்றது மிருதங்கம், காற்று மாதிரி.

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்துகொண்டிருந்தது.

இந்த அரங்கில் எதற்கு மட்டும் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்று ஆர்மோனியம் யோசித்தது. சட்டென்று தேசிய கீதத்தை எடுத்தது. கைதட்டல் அப்படியே நின்றது. அத்தனை நாற்காலிகளும் ஒருசேரப் பின்னால் நகர்ந்தன. யாரோ விறைப்பாக நிற்கிற மாதிரி அரங்கம் அடங்கிக் கிடந்தது.

பாட்டு முடிந்தது. விழா முடிந்தால் கலைகிற வழக்கப்படி காலடிச் சத்தங்கள் வாசலுக்குப் போயின. ஒரு ஜோடிக் காலடி மட்டும் வாசலில் நின்று, திரும்பியது.

ஆர்மோனியம் துருத்தியை மூடவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தது.