கேட்டுத் தொடவும்

சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுங்கள் என்று என் கணவரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் மசாஜ் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. கிள்ளானில், வீட்டில் வைத்துப் பேச்சை எடுத்தால், லோரி டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கமலநாதன் நழுவிவிடுவார். இங்கே, இந்த மசாஜ் மேசையில் படுத்தவர் யாரும் பாதியில் எழுந்து போனதில்லை.

எனக்கு ஏழு வயதிலிருந்து கண் தெரியாது. என்னைத் தொடுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. ரோட்டோரம் சும்மா நின்றால் போதும், ஒரு புண்ணியவான் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். நான் போக வேண்டிய பஸ் இந்தப் பக்கம் வரும்.

புண்ணியவான்களையாவது மன்னிக்கலாம். கட்டிய புருஷனை மன்னிக்க முடியவில்லை.

பதினோரு வருஷமாக அவரும் அப்படித்தான். லோரியை எங்கே நிறுத்துவாரோ, செருப்பை எங்கே கழற்றுவாரோ தெரியாது. சத்தமே இல்லாமல் பின்னால் வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார். அவருக்கு அது ஆசை. எனக்கோ ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான். நான் அலறுவேன். அவர் கோபித்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்காருவார்.

நேற்று கிள்ளான் பாசாரில் அது உச்சத்துக்குப் போனது. பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மோட்டார் சைக்கிள் வந்ததாம். நான் போட்ட கூச்சலில் மீன் கடைக்காரர் கத்தியோடு ஓடி வந்தார். ஒரு மலாய்க்கார அக்கா என் தோளை அணைத்துக்கொண்டு, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். என் புருஷன்தான் என்று நான் மூச்சு வாங்கிச் சொல்லி முடிப்பதற்குள் போலீசுக்குப் போன் போயிருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் வைத்துத்தான் சொன்னார், இனி உன்னைத் தொடவே மாட்டேன் என்று.

அதுதான் எனக்குப் பயம். சொன்னால் செய்கிற ஆள். எனக்கு அவர் கை வேண்டும். திடீரென்று வரும் கைதான் வேண்டாம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குப் புரியவைக்காமல் இன்று கடையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பக்கத்தில் வரும்போது குரல் கொடுக்க வேண்டும். ரோட்டில் என்னை இழுக்கக் கூடாது, முழங்கையை நீட்டினால் நானே பிடித்துக்கொள்வேன். பின்கழுத்தில் எப்போதுமே வேண்டாம். இடுப்பு சரி, ஆனால் கேட்டுவிட்டு. தலைமுடியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கோதலாம், அதற்கு மட்டும் கேட்கவே வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதில் எனக்கே காது சூடானது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"புரிஞ்சிச்சு லா" என்றார், மேசையில் முகம் வைக்கும் ஓட்டைக்குள்ளிருந்து. குரலில் நேற்றைய கோபம் இல்லை.

எனக்குப் பாதி உயிர் வந்தது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, உங்களுக்கும் ஏதாவது வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்றேன். சும்மா ஒரு மரியாதைக்குத்தான். அவரிடம் என்ன இருந்துவிடப் போகிறது? என் கைக்காக அவ்வளவு தூரம் ஜொகூரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அவருக்கோ அந்தக் கை தினமும் கிடைக்கிறது. சண்டை போட்ட நாளில்கூட, உட்காரவைத்து அரை மணி நேரம் தோளை அமுக்கிவிடாமல் நான் சோறு போட்டதில்லை.

பேசிக்கொண்டே என் கை அவருடைய இடது தோளுக்குப் போயிருந்தது. கட்டைவிரல் முடிச்சைக் கண்டுபிடித்து அழுத்தியது.

அவர் முதுகு முழுவதும் இறுகியது.

வாடிக்கையாளர் முதுகு இப்படி இறுகினால் அந்த நொடியே கையை எடுத்துவிடுவேன். வலிக்கிறதா என்று தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் கேட்பேன். இவருடைய முதுகு நான் தொட்ட நாளிலிருந்தே இப்படித்தான். லோரி ஓட்டும் உடம்பு, அதன் வாகு அப்படி என்று நினைத்திருந்தேன்.

"இதுதான் வேணாம் வல்லி" என்றார். "இந்த அமுக்குறது. கல்யாணம் ஆன முத வாரத்துலேருந்தே வலிக்குது. நீ ஆசையா செய்ற, எப்படிச் சொல்றது?"

கையை எடுத்துவிட்டேன். விரலிலிருந்து எண்ணெய் என் கால்மேல் சொட்டியது. பதினோரு வருஷம் என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. போடவிடவில்லை.

அவர் முடிக்கவில்லை. ஓட்டைக்குள்ளிருந்து மெல்ல வந்தது.

"குரல் குடுத்தா நீ உக்காரவச்சு தோளப் புடிச்சிடுவ. அதுக்கு முன்னால ஒரு தடவ சும்மா கட்டிப்புடிக்கலாம்னுதான் சத்தம் போடாம வருவேன்."

துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தேன். ஒரு தடவை துடைத்தது போதவில்லை, மறுபடியும் துடைத்தேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அழுதால் அவர் எழுந்து சமாதானம் செய்ய வந்துவிடுவார், பேச்சு அதோடு முடிந்துபோகும்.

எப்படித் தொட வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது.

சும்மா வை, போதும் என்றார்.

அவர் முதுகின் நடுவில் கையை வைத்தேன். என் கைக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. கட்டைவிரல் தானாக நகர்ந்தது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் போட்டுக்கொண்டு, மற்ற நான்கு விரல்களையும் அசையவிடாமல் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், அந்த முதுகு முதல் முறையாக என் கைக்குக் கீழே தளர்ந்தது.