அடுத்த பக்கத்தில் ஒரு பெயர்

"பாப்பாவுக்குப் பேர் பாத்தீங்களா, இல்லையா?"

"இதைக் கேளேன். 'துமி'ன்னா மழைத்துளியாம்." கணவன் அகராதியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு? அதையே எழுதித் தொலைங்க."

"அடுத்த பக்கத்துல இதைவிட நல்லது இருந்துட்டா?"

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் தேடுகிறேன் என்றுதான் உட்காருவார். ஒவ்வொரு சொல்லாக ரசித்தே பொழுதை ஓட்டிவிடுவார்.

"நாளைக்கு ஃபாரத்தைக் கொடுத்தாகணும். பேர் இல்லாம வாங்க மாட்டாங்க" என்று அகராதியைப் பிடுங்கி மேசையில் போட்டாள்.

"சண்டை போடாதீங்க. ஸ்கூல்ல சேர எனக்குத்தானே பேர் வேணும்? நானே பாத்துக்கறேன்."

ஐந்து வயதுப் பாப்பா அகராதியை மடிக்கு இழுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.

இவளாவது உருப்படியாக இருக்கிறாளே என்று அம்மா போய்ச் சமையலை முடித்துவிட்டு வந்தாள்.

"கிடைச்சுதா?"

"இரும்மா, அடுத்த பக்கத்தையும் பாத்துடறேன்."