ஈரத்துண்டு

“ஈரத்துண்டை மெத்தை மேல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?”

மனைவியின் குரல் மாடிப்படி வரை கேட்டது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் பதறிப்போய் வந்தார்.

“சார், நான் வேணும்னா சமாதானம் பேசட்டுமா?”

“ஐயோ, கெடுத்துடாதீங்க!” கணவர் அவரை வாசலிலேயே மடக்கினார். கண்கள் கலங்கியிருந்தன. “நெஞ்செலும்புக்குப் பின்னால, தைமஸ் சுரப்பியில இவளுக்குக் கட்டி. அதனால உடம்போட எதிர்ப்பு சக்தியே இவ தசைங்களை எதிரியா நினைச்சுத் தாக்கிச்சு. நாலு வார்த்தை பேசறதுக்குள்ள குரல் அடங்கிடும். ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தாச்சு. இன்னிக்குத்தான் சார் மூச்சுவிடாம திட்டறா!”

உள்ளிருந்து மறுபடியும் இடி இடித்தது. “சோபா மேல செருப்பை வெச்சது யாரு?”

கணவர் பெருமையாகக் கிசுகிசுத்தார்: “துண்டு மட்டும் பத்தாதோன்னு அதையும் நான்தான் வெச்சேன்!”